யோகேஸ்வரி தேர்ந்தெடுத்த பச்சைத் தளம்

யோகேஸ்வரிக்கு இடது கைப் பழக்கம். பள்ளியில் அதற்காக அடி வாங்கியிருக்கிறாள். கல்யாணமான புதிதில் மாமியார் முகம் சுளித்திருக்கிறார். அந்தக் கையை முதன்முதலில் ஒருவர் பாராட்டியது சிங்கப்பூரில்தான். துவாஸ் பக்கம் ஒரு சலவைத் தொழிற்சாலையில் மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது, மேற்பார்வையாளர் மிஸ் கோ அவளை ஜன்னத்துல் பிர்தௌஸுக்கு எதிரே நிறுத்தினார். ஜன்னத்துலுக்கு வலது கை. இரண்டு பேரும் ஒரு விரிப்பின் முனைகளைப் பிடித்து மடித்தால், கண்ணாடிக்கு முன்னால் ஒருத்தி மட்டும் நிற்பதுபோல் இருக்கும். அந்த வரிசையில் அவர்களைவிட வேகமான ஜோடி இல்லை. பதினோரு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

மலேசியாவின் ஜொகூர் பாருவில், தம்போய் பகுதியில் அவள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பினால்தான் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முடியும். சிங்கப்பூருக்குப் போகும் எல்லைப் பாலத்தில் நெரிசல், சோதனைச் சாவடியில் வரிசை, மறுபடியும் பஸ். திரும்பி வர இரவு ஏழரை ஆகும். மகள் லோஷினி தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. பள்ளி விட்டதும் கீழ் வீட்டில் இருப்பாள், அம்மா வந்ததும் மேலே வருவாள். சாப்பாடு, வீட்டுப்பாடம், தலை பின்னல், தூக்கம். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மற்ற இருபத்திரண்டு மணி நேரமும் என்று யோகேஸ்வரி நினைத்துக்கொள்வாள்.

போன ஜூன் மாதம் தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் வந்தது. ஒரு பக்கம் விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் மடித்துத் தள்ளிவிடும். மிஸ் கோ எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். பகல் வேலைக்கு இனி இவ்வளவு ஆள் தேவையில்லை. விருப்பம் உள்ளவர்கள் இரவு வேலைக்குக் கையெழுத்துப் போடலாம். மற்றவர்களுக்கு டிசம்பரோடு முடிந்தது. முடிவு சொல்ல நவம்பர் கடைசி வரை நேரம் உண்டு.

யோகேஸ்வரியின் கணவன் மனோகரன் பாசிர் கூடாங் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லோரி ஓட்டுகிறவன். அவன் வேலையும் பெரும்பாலும் இரவில்தான்.

"நைட்டுன்னா நீயும் இல்ல, நானும் இல்ல. புள்ளைய யாரு பாக்குறது?" என்றான். அவனே பதிலும் சொன்னான். "குளுவாங்ல அக்கா வீட்டுல விட்டுடலாம். அக்காவும் தனியாத்தானே இருக்கு."

"அவ ஸ்கூலு?"

"அங்க மட்டும் தமிழ் ஸ்கூல் இல்லையா?"

அறைக்குள்ளிருந்து லோஷினியின் குரல் வந்தது. "நான் போகல."

மனோகரனின் அக்கா காளியம்மா நல்லவர்தான். ஆனால் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குளுவாங்கில் விட்டால் மகளை மாதத்துக்கு இரண்டு முறை பார்க்கலாம், அவ்வளவுதான். வேலையை விட்டுவிடலாம் என்றால் வீட்டுக் கடன் அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. நவம்பருக்குள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒன்று அமைந்தாக வேண்டும். அமைந்தால் லோஷினி இங்கே இருப்பாள். இல்லையென்றால் குளுவாங். யோகேஸ்வரிக்கு அந்த ஐந்து மாதமும் இது ஒன்றுதான் கணக்கு.

அவளிடம் ஒரு கைத்தொழில் இருந்தது. கல்யாணப் பெண்களுக்குச் சேலையை முன்கூட்டியே மடித்துக் கொடுப்பாள். பெண்ணின் உயரமும் இடுப்பளவும் வாங்கிக்கொண்டு, கொசுவத்தையும் முந்தானையையும் மடித்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி, பெட்டியில் அடுக்கித் தருவாள். பெட்டியைத் திறந்து அப்படியே எடுத்துக் கட்டினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். விரிப்பு மடித்துப் பழகிய கைக்குப் பட்டுச் சேலை ஒரு விளையாட்டு. ஆனால் வாரத்துக்கு மூன்று நாலு சேலைக்கு மேல் வராது. அதை நம்பிக் கையெழுத்துப் போடாமல் இருக்க முடியாது.

அந்த நேரத்தில்தான் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. "நான் சாஆ ஊர்லேர்ந்து தேன்மொழி பேசுறேன். உங்க பெட்டிய ஒரு கல்யாணத்துல பாத்தேன். இத எப்படி மடிக்கிறதுன்னு சொல்லிக் கொடுப்பீங்களா டீச்சர்? ரொம்ப தூரம், நேர்ல வர முடியாது. போன்ல கத்துக்கலாமா?"

டீச்சர் என்று அவளை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. யோகேஸ்வரி அந்தச் செய்தியை நாலு முறை கேட்டாள். பிறகு அண்ணன் மகன் தீபனைக் கூப்பிட்டாள். ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் கைப்பேசி விற்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் தேநீர் வாங்கிக் கொடுத்து, இணையத்தில் ஒரு வகுப்பு நடத்தி விற்க வேண்டும் என்றால் எங்கே விற்பது என்று கேட்டாள்.

தீபன் ஒரு விளம்பரத் தாளைத் திருப்பி மூன்று கோடு போட்டான்.

"அத்தை, மூணு வழி இருக்கு. ஒண்ணு, டெலிகிராம்ல ஒரு குரூப்பு. ஆளுங்க உங்க பேங்குக்கு காசு அனுப்புவாங்க, நீங்க ஆளைச் சேப்பீங்க. செலவே இல்ல. ரெண்டாவது, இந்த நீலக் கலர் சைட்டு. உங்க பேர்லயே ஸ்கூல் மாதிரி அழகா ஒரு பக்கம் கொடுப்பான். ஆனா மாசாமாசம் வாடகை, அதுவும் டாலர்ல. ஒரு ஆள் வரலன்னாலும் கட்டணும். மூணாவது, இந்தப் பச்சை. இது பெரிய பாசார் மாதிரி. வாடகை கிடையாது, வித்தா பங்கு எடுத்துப்பான்."

"எவ்வளவு பங்கு?"

"பாதிக்கு மேல லா."

"அலாமாக்! முதுகு வலிக்க மடிக்கிறது நானு, பங்கு அவனுக்கா?"

"அதான் சொல்றேன், டெலிகிராம் போதும். நம்ம ஆளுங்களுக்கு அதான் பழக்கம்."

"டெலிகிராம்ல காசு யாரு கேக்குறது?"

"நீங்கதான்."

யோகேஸ்வரி தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே கலந்திருந்தது.

காசு கேட்பதுதான் அவளுக்கு வராது. இரண்டு வருடத்துக்கு முன் சித்தப்பா மகளின் கல்யாணத்துக்கு ஒன்பது சேலை மடித்துக் கொடுத்துவிட்டு, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு தொகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். "நமக்குள்ள என்னக்கா" என்று ஒரு சிரிப்புப் படத்தோடு பதில் வந்தது. தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கும் வந்தது. அதற்குப் பிறகு அவள் விலையைச் சொல்வதையே விட்டுவிட்டாள். கொடுக்கிறவர்கள் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு அவள் அக்கா, அண்ணி, சின்னம்மா. அக்காவாக இருந்துகொண்டு எப்படிக் கேட்பது?

பச்சைத் தளத்தில் அந்தத் தொல்லை இல்லை. விலையை அது எழுதி வைத்திருக்கும். கீழே ஒரு பட்டன் இருக்கும். பட்டனை அழுத்தினால்தான் பாடம் திறக்கும். அமெரிக்காவில் இருக்கும் ஏதோ ஓர் இயந்திரத்திடம் போய் யாரும் நமக்குள்ள என்ன என்று கேட்க முடியாது.

"பச்சையே போடு," என்றாள். "காசை அது கேட்டுக்கட்டும். நான் சொல்லிக் கொடுக்குறதோட நிறுத்திக்கிறேன்."

மறுநாள் பஸ்ஸில் ஜன்னத்துலிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன் புள்ள, என் தங்கச்சி பிள்ளைங்களுக்கு குர்ஆன் ஓதிக் கொடுக்குறா, டெலிகிராம்லதான். ஒண்ணாம் தேதியானா ஒரு வாய்ஸ் போடுவா, காசு அனுப்புங்கன்னு. முடிஞ்சுது."

"உன் தங்கச்சிக்கு வாய் இருக்கு."

"ஆமா, உனக்குக் கைதான் இருக்கு. அதுவும் தப்பான கை." சொல்லிவிட்டு ஜன்னத்துல் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஏழு பாடங்கள். ஏழு ஞாயிற்றுக்கிழமை மதியங்கள். கூடத்தில் இஸ்திரி மேசையைப் போட்டு, வளைத்த துணிக்கொக்கி ஒன்றில் கைப்பேசியை மாட்டி, லோஷினி படம் பிடித்தாள். பத்து வயதுக்காரி அம்மாவை அதட்டி வேலை வாங்கினாள்.

"மா, கீழ பாக்காத. என்னைப் பாரு."

"கீழ பாக்காம எப்படிடி மடிக்கிறது?"

"மடிக்கும்போது பாரு. பேசும்போது பாக்காத. இன்னொரு வாட்டி."

மேல்வீட்டில் துணி இயந்திரம் சுற்றும். கீழ்வீட்டில் யாராவது ஒலிபெருக்கி வைத்துப் பாடுவார்கள். அவர்கள் நிறுத்துவதற்காக இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். அந்த ஏழு மதியங்களில் அவர்கள் பேசிய அளவுக்கு அதற்கு முன் ஒரு வருடத்தில் பேசியதில்லை. பட்டுக்கு மேல் மெல்லிய துணி போட்டுத்தான் இஸ்திரி வைக்க வேண்டும், முந்தானை மடிப்பு நாலு விரக்கடைக்கு மேல் போகக் கூடாது, வழுக்கும் துணியை முதலில் தோள் பக்கம் கிளிப் மாட்டி நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் லோஷினியே தூக்கத்தில் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டாள்.

கைப்பேசியில் இடம் குறைவு. ஒரு பாடத்தைத் தளத்தில் ஏற்றியதும் தீபன் சொன்னபடி கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க முடிந்தது. தளத்துக்கு ஆங்கிலத்தில் தலைப்பு வேண்டும் என்றார்கள், அமெரிக்க வரிப் படிவம் ஒன்று வேண்டும் என்றார்கள். எல்லாவற்றையும் தீபனே நிரப்பினான். முதல் பாடம் இலவசம். தளத்தில் கணக்குத் திறந்த யாரும் அதைப் பார்க்கலாம், நட்சத்திரம் போட்டுக் கருத்தும் எழுதலாம். மற்ற ஆறும் காசு கட்டியவர்களுக்கு மட்டும்.

நாற்பது பேர் சேர்ந்தால் இரவு வேலையை மறுத்துவிடலாம் என்று யோகேஸ்வரி முடிவு செய்திருந்தாள். நாற்பது பேர் சேர்ந்த வேகத்தைக் காட்டினால் மனோகரனும் ஒத்துக்கொள்வான்.

ஆகஸ்டு முதல் வாரம் தளம் திறந்தது. தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இணைப்பைப் போட்டாள். அன்று மாலைக்குள் நூற்று நாற்பது பேர் பார்த்திருந்தார்கள். கைதட்டல், இதயம், மாலை போட்ட பிள்ளையார் எல்லாம் வந்தன. ஒருவரும் வாங்கவில்லை. முறுக்கு அனுப்பிய சித்தப்பா மகள், "லிங்க்கெல்லாம் வேணாம்கா, வீடியோவ அப்படியே எனக்கு அனுப்பிடுங்களேன்" என்று எழுதினாள். யோகேஸ்வரி பதில் எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாள்.

எட்டாம் நாள் ஒருவர் வாங்கினார். சாஆ தேன்மொழி.

"டீச்சர், சேர்ந்துட்டேன்! என் மக கனிஷாதான் கார்டு போட்டுக் கொடுத்துச்சு. ரொம்ப தெளிவா சொல்றீங்க. உங்க மேசையில அந்த ஓரத்துல ஒரு பொம்மை இருக்கே, பாப்பாவோடதா?"

தேன்மொழி அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவர். யோகேஸ்வரி அவரை அக்கா என்றாள், அவர் இவளை டீச்சர் என்றார். இரண்டு பேருக்கும் அது இயல்பாக அமைந்துவிட்டது.

செப்டம்பர் முடிவதற்குள் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ரவாங்கிலிருந்து ஒருத்தி, ஈப்போவிலிருந்து ஒருத்தி, மொரிசியஸிலிருந்து ஒருத்தி. மொத்தம் நாலு. மொரிசியஸ் எங்கே இருக்கிறது என்று லோஷினி உலகப் படத்தில் தேடிக் காட்டினாள். நாற்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

"அத்தை, பாசார்ல உங்க கடை கடைசி வரிசையில இருக்கு," என்றான் தீபன். "பத்துப் பேராவது நல்ல நட்சத்திரம் போட்டாத்தான் முன்னாடி கொண்டாந்து வெப்பான். தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க."

காசைக் கேட்க வராத யோகேஸ்வரிக்கு நட்சத்திரத்தைக் கேட்பது அவ்வளவு கடினமாகத் தோன்றவில்லை. அதற்கு யாரும் பையில் கைவிட வேண்டியதில்லை. தேன்மொழிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள். "அக்கா, ஒரு உதவி. வகுப்பு புடிச்சிருந்தா நட்சத்திரம் போட்டு ரெண்டு வரி எழுதுங்க. பத்துப் பேர் எழுதுனா எனக்கு ரொம்ப ஒத்தாசையா இருக்கும்."

"இதென்ன டீச்சர் பெரிய விஷயம்! பாத்துக்கலாம்."

சனிக்கிழமை அரை நாள் வேலை. திரும்பி வரும்போது பாலத்தில் பஸ் நகரவில்லை. யோகேஸ்வரி சும்மா கைப்பேசியைத் திறந்தாள். பச்சைத் தளத்தில் அவள் வகுப்பின் கீழே பத்துப் புதிய பெயர்கள் இருந்தன. அஞ்சலை, சரோஜா, மாரியாயி, பாக்கியம். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஐந்து நட்சத்திரம். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஜன்னத்துலை எழுப்பினாள். அவள் கைப்பேசியைப் பிடுங்கி உரக்கப் படித்தாள்.

"டீச்சர் கை தங்கக் கை. அடடா! இடது கையா இருந்தாலும் நல்லா புரியுது. கேட்டியா, இருந்தாலுமாம்! இத்தனை நாளா கொசுவம் எனக்கு அடங்கவே இல்லை, இப்ப அடங்குது. யோகேஸ், இவங்க புருஷனைப் பத்திச் சொல்றாங்களோ?"

முன் இருக்கையிலிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். யோகேஸ்வரியும் சிரித்தாள். பாலத்தின் கீழே கடல் சேற்று நிறத்தில் கிடந்தது. அன்றைக்கு அதுகூட அழகாக இருந்தது.

மறுநாளே வகுப்பு முன்வரிசைக்கு வந்துவிட்டது. இரண்டு நாளில் இரண்டு பேர் வாங்கினார்கள். நாலு பேர் சேர இரண்டு மாதம் ஆனது, இந்த இரண்டு பேர் சேர இரண்டே நாள். யோகேஸ்வரி மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தாள். நவம்பர் கடைசிக்குள் நாற்பது முடியாத காரியம் இல்லை. அன்று லோஷினிக்குத் தலை பின்னும்போது, "குளுவாங் வேணாம்னுதானே சொன்ன? பாக்கலாம்," என்றாள். அவள் வாயைத் திறந்து அப்படிச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

புதன்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. மேலே சிவப்புக் கோடு போட்டிருந்தது. அவளுக்குப் புரிந்த வரைக்கும் நல்ல செய்தி இல்லை. மாலை தீபன் வந்து படித்தான், இரண்டாவது முறையும் படித்தான்.

"அத்தை, இந்தப் பத்துப் பேர் யாரு?"

"தேன்மொழி அக்காவுக்குத் தெரிஞ்சவங்களா இருக்கும். ஏன்?"

"பத்தும் ஒரே போன்லேர்ந்து வந்திருக்கு. அரை மணி நேரத்துக்குள்ள. கணக்கும் அன்னிக்குத்தான் திறந்திருக்காங்க. ஒருத்தர் கூட காசு கட்டி வாங்கல. கள்ள நட்சத்திரம்னு சொல்லி வகுப்ப மூடிட்டான். வாங்குன ஆறு பேருக்கும் காசத் திருப்பிக் கொடுத்துட்டான். உங்க பேர்ல இனி திறக்க முடியாது."

"கள்ளமா? மாரியாயின்னு பேரு போட்டிருக்கே!"

"அவனுக்கு மாரியாயி யாருன்னு தெரியுமா அத்தை?"

மேல்முறையீடு செய்ய ஒரு பட்டன் இருந்தது. யோகேஸ்வரி உட்கார்ந்து தமிழில் மூன்று பக்கம் எழுதினாள். தான் யார், எங்கே வேலை செய்கிறாள், எதற்காக இந்த வகுப்பு, தேன்மொழி யார், மகளுக்குப் பத்து வயது என்பதெல்லாம் அதில் இருந்தது. தீபன் அதை ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினான். நாலாவது நிமிடம் பதில் வந்தது. முதலில் வந்த அதே வரிகள். கேள்விகள் இருந்தால் விதிமுறைப் பக்கத்தைப் படிக்கும்படி கீழே சேர்த்திருந்தார்கள். அந்த மூன்று பக்கத்தை எந்த மனிதரும் படித்திருக்க முடியாது என்று அவளுக்கே தெரிந்தது.

காசை அது கேட்டுக்கும் என்று நம்பித்தான் அந்த இயந்திரத்திடம் போனாள். யார் சொல்வதும் அதன் காதில் விழாது என்பதை அப்போது அவள் யோசிக்கவில்லை.

தேன்மொழியைக் கூப்பிட்டாள். கோபமாகத்தான் கூப்பிட்டாள்.

"டீச்சர்! பசியாறிட்டீங்களா? நட்சத்திரம் பாத்தீங்களா?" அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தில் யோகேஸ்வரியின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"பாத்தேன்கா. யாருக்கா அவங்கல்லாம்?"

"எல்லாம் நம்ம கோயில் மாதர் குழுதான். நாங்க பதினோரு பேரு. வெள்ளிக்கிழமை பூச முடிஞ்சதும் மண்டபத்துல உக்காந்துடுவோம். கனிஷா போனை டிவியில மாட்டிவிடும், உங்க பாடத்தைப் பெருசாப் பாப்போம். ஆளுக்கொரு சேலை கொண்டாந்து கூடவே மடிப்போம். அஞ்சலைக்கு மட்டும் மூணாவது பாடம் அஞ்சு வாட்டி போட்டோம், மண்டையில ஏறவே இல்ல!" பின்னாலிருந்து யாரோ மறுத்துக் கத்தினார்கள். தேன்மொழி சிரித்தார். "நீங்க கேட்டீங்கன்னு சொன்னதும் எல்லாரும் என் பேரும் வரணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. கல்யாண வீட்டுல சாப்பிட்டுட்டு மொய் எழுதாம வர முடியுமா? ஒருத்தர் பேர்ல எழுதிட்டு இன்னொருத்தர விட்டா அது மரியாதையா? அதான் கனிஷா உக்காந்து ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா திறந்து எழுதிக் கொடுத்துச்சு. சரியாத்தானே வந்திருக்கு?"

யோகேஸ்வரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படம் பிடிப்பதற்காக அந்தச் சுவருக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருந்தார்கள். வகுப்பு மூடிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தாள். பதிலாக வேறொன்று வந்தது. வாழ்க்கையில் அவள் கேட்டே இராத கேள்வி.

"அக்கா, அவங்க பத்துப் பேரும் ஏன்கா தனித்தனியா வாங்கல?"

"அதுல கார்டு நம்பர் போடச் சொல்லுதே டீச்சர். போன மாசம் இங்க ஒருத்தருக்கு அப்படித்தான் போட்டு, கணக்குல இருந்தது மொத்தமும் போயிடுச்சு. அதுலேர்ந்து யாரும் தொட மாட்டேங்குறாங்க. நீங்க உங்க பேங்கு நம்பர் கொடுத்து, ஆளுக்கு இவ்வளவு அனுப்புங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்போம். எனக்குத் தெரிஞ்சு பக்கத்துத் தோட்டங்கள்லயே முப்பது பேரு தேறுவாங்க. நீங்க கேக்கவே இல்லையே?" தேன்மொழியே தொடர்ந்தார். "இப்ப வேணும்னாலும் சொல்லுங்க டீச்சர். நான் கேட்டு வாங்கித் தரேன்."

இப்போது ஒரு தொகையைச் சொன்னால் போதும். யோகேஸ்வரிக்கு அது தெரிந்தது. தொகையும் நாக்கு நுனியில் இருந்தது.

"ஐயோ, அதெல்லாம் வேணாம்கா," என்றாள். "நமக்குள்ள என்ன."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. அதற்குள் தேன்மொழி, "உங்க மனசு யாருக்கு வரும்," என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார். கொஞ்ச நாளைக்குத் தளம் மூடியிருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு யோகேஸ்வரி பேச்சை முடித்துக்கொண்டாள்.

தீபன் விடவில்லை. "டெலிகிராம்ல போடலாம் அத்தை. வீடியோ இருக்குல்ல?"

இல்லை. கைப்பேசியில் அழித்தது அழித்ததுதான். பாடங்கள் எல்லாம் தளத்துக்குள் பூட்டிக் கிடந்தன. மறுபடியும் எடுக்கலாம் என்றால் ஏழு ஞாயிறு வேண்டும். நடுவில் தீபாவளி வந்தது, சேலைகள் வந்தன, சிலர் காசு கொடுத்தார்கள், சிலர் பலகாரம் கொடுத்தார்கள். நவம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேரலையிலாவது சொல்லிக் கொடுக்கலாம் என்று அவள் டெலிகிராமில் ஒரு குழு திறந்தாள். பெயர் வைத்தாள். தெரிந்தவர்களைச் சேர்த்தாள். "வணக்கம். வகுப்புக் கட்டணம்" என்று எழுதி, தொகையையும் போட்டாள். சேர்த்தவர்களின் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். சித்தப்பா மகள், நாத்தனார், கீழ் வீட்டுக்காரர், லோஷினியின் ஆசிரியை. தொகையை அழித்தாள். பிறகு கட்டணம் என்பதை அழித்தாள். வணக்கம் மட்டும் போனது. பதினேழு பேர் வணக்கம் சொன்னார்கள்.

நவம்பர் இருபத்தெட்டாம் தேதி மிஸ் கோவின் மேசையில் இரவு வேலைத் தாளில் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். ஜன்னத்துல் போடவில்லை. தங்கையின் ஓதும் வகுப்பு பெருகிவிட்டது, உதவிக்கு ஆள் தேவைப்பட்டது.

"நீயும் வாயேன் புள்ள," என்றாள் ஜன்னத்துல். சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. "நீ வந்து என்ன ஓதிக் கொடுக்கப் போற?" இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அன்றைய கடைசி விரிப்பைப் பிடித்து மடித்தார்கள்.

டிசம்பரில் பள்ளி மூடியதும் லோஷினியின் பெட்டியைக் கட்டினார்கள். அவள் அழவில்லை. அம்மாவோடு பேசவும் இல்லை. கிளம்பும்போது அந்த வளைத்த துணிக்கொக்கியைக் கையில் எடுத்தாள்.

"மா, இது இனிமே வேணுமா?"

"இல்லம்மா."

லோஷினி அதை நிமிர்த்தி நேராக்கப் பார்த்தாள். முடியவில்லை. அப்படியே பெட்டியில் போட்டுக்கொண்டாள். குளுவாங்கில் சட்டை மாட்ட உதவும் என்றாள்.

ஜனவரியிலிருந்து யோகேஸ்வரியின் பஸ் மாலை ஐந்தரைக்கு வருகிறது. வேலை முடிந்து வருகிறவர்கள் எதிர்ப்பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும்போது அவள் ஏறுவதற்காக நிற்பாள். இரண்டாவது வாரம் ஒருநாள் அங்கே நின்றிருந்தபோது தேன்மொழியிடமிருந்து ஒரு படம் வந்தது. கோயில் மண்டபத்தின் நீள மேசையில் ஏழு பெட்டிகள் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலும் மடித்த சேலை. கூடவே குரல்.

"டீச்சர், குளுவாங்ல கல்யாணம். பொண்ணு வீட்டுல ஏழு பெட்டி கேட்டாங்க. பெட்டிக்கு முப்பத்தஞ்சு வெள்ளி கூலி சொன்னேன், மறுபேச்சு இல்லாம கொடுத்துட்டாங்க. மாதர் குழு பேர்லயே செய்யுறோம். சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

யோகேஸ்வரி படத்தைப் பெரிதாக்கினாள். ஏழு பெட்டியிலும் கிளிப்புகள் இடப்பக்கத்திலிருந்து மாட்டப்பட்டிருந்தன. வலது கைக்காரர்கள் யாரும் அப்படி மாட்ட மாட்டார்கள். பாடத்தில் அவள் அதைச் சொல்லவும் இல்லை. அவர்களாகவே பார்த்துப் பார்த்து, கையைத் திருப்பித் திருப்பி, அவள் செய்தது போலவே செய்திருக்கிறார்கள். குளுவாங்கில் லோஷினி இருக்கும் தெருவுக்கு எவ்வளவு பக்கத்தில் அந்தக் கல்யாண வீடு இருக்கும் என்று யோசித்தாள். அந்த ஊருக்கு அவள் மடிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் அடுத்த ஞாயிறு வரை போக முடியாது.

பஸ் வந்து நின்றது. வரிசை நகர்ந்தது. அவள் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டே கைப்பேசியை வாய்க்கருகில் கொண்டுபோனாள்.

"நல்லா இருக்குக்கா. நாலாவது பெட்டியில மட்டும் முந்தானை ஒரு விரக்கடை ஏறியிருக்கு. பிரிச்சு மறுபடி மடிங்க. இஸ்திரி வெக்கும்போது மேல துணி போட மறந்துடாதீங்க, அது நல்ல பட்டு."

ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது. உட்கார்ந்ததும் பதில் வந்தது.

"சரி டீச்சர்."

பஸ் கிளம்பியது.